இழுப்புக்கு ஒரு தெரு

உப்பளமேட்டுக்கு விருது கொடுப்பதற்காகத்தான் டாக்டர் எஃபுவா கானாவிலிருந்து வந்திருந்தார். மூச்சு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட முப்பத்தாறு நாடுகளையும் அலசிப் பார்த்து, ஆஸ்துமாவை அறவே அடக்கிய முதல் ஊர் இதுதான் என்று தலைமையகம் அறிவித்திருந்தது. சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் ஒண்டிக் கிடக்கும் சின்ன ஊர். அரசு மருத்துவமனை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மீன் ஏலக்கூடத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

நுரையீரல் மருத்துவர் பெனினா மாலையோடு காரருகே போனாள். கதவு திறந்தது. எஃபுவா சிரித்தபடி இறங்கினார். ஒரு முறை மூச்சை இழுத்தார். உடனே இருமத் தொடங்கினார்.

பயணக் களைப்பு, ஏசி காற்று என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இருமல் நிற்கவில்லை. மேடையேறி இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. பெனினா அவரைக் கைத்தாங்கலாகத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு ஆஸ்துமா உண்டா?"

"ஒரு நாளும் இருந்ததில்லை." எஃபுவா தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "பெனினா, இங்கே ஏதோ எரிகிறது. கந்தகம் மாதிரி, அழுகிய முட்டை மாதிரி ஒரு நெடி. உங்களுக்குத் தெரியவில்லையா?"

பெனினா ஜன்னலைத் திறந்து ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மீன் வாடைகூடத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருநூறடி தள்ளி ஏலக்கூடம் இருக்கிறது.

"வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாரும் இங்கே இருமுவதில்லையா?" என்று கேட்டார் எஃபுவா.

பெனினாவுக்கு ஊர் மாப்பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். இந்த ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளைகள் யாரும் மாமியார் வீட்டில் தங்க மாட்டார்கள். விருந்து முடிந்த கையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊர்த் தண்ணீர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

எஃபுவா சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். "ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் எனக்குச் சரியாகிவிட்டது. என் இருமலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் ஊரைப் பாருங்கள்."

பெனினா இந்த உடன்படிக்கையை நம்பி உழைத்தவள். ஆஸ்துமாவுக்கு என்ன மருந்து, எப்போது, எவ்வளவு என்று உலகத்து மருத்துவர்கள் கூடி எழுதிய வழிகாட்டி அவள் படிக்கும் காலத்திலேயே இருந்தது. அவள் வேலை பார்த்த முதல் மருத்துவமனையில் அந்தப் புத்தகம் அலமாரியில் இருந்தது, மருந்து இல்லை. மருந்து வந்தபோது அதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. இழுப்பு முற்றி, உதடு நீலம் பாய்ந்து, ஆட்டோவிலேயே உயிரை விட்டவர்களை அவள் இறக்கிப் படுக்க வைத்திருக்கிறாள். கடைசியில் நாடுகள் ஒன்றுசேர்ந்து அந்த வழிகாட்டியையே ஒரு கருவிக்குள் வைத்தன. கழுத்தில் தொங்கும் சின்னக் குழாய். ஊரில் அதற்குப் பம்பு என்று பேர். காலையும் மாலையும் வாயில் வைத்து இழுத்தால் போதும். அவரவர் மூச்சைக் கேட்டு, உள்ளே இருக்கும் மூன்று மருந்தில் எது எவ்வளவு என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்களில் நோய் இல்லாதவர்களுக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கலாம் என்று அடுத்த திருத்தம் வந்தது. உப்பளமேட்டில் கைக்குழந்தைகளைத் தவிர எல்லார் கழுத்திலும் பம்பு ஏறியது. பெனினா கழுத்திலும்தான்.

எஃபுவா போன மறுநாள் அவள் இம்தியாஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மாவட்டத்தில் பம்புகளைக் கண்காணிக்கும் பொறியாளன் அவன். ஊரின் மருந்தளவு எப்படிப் போகிறது என்று கேட்டாள். அவன் திரையைப் புரட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

"முதல் ரெண்டு மருந்தும் குறைஞ்சிட்டே வந்திருக்கு மேடம். மூணாவது மட்டும் ஏறியிருக்கு. ரொம்பவே ஏறியிருக்கு."

முதல் மருந்து நுரையீரல் குழாயை விரிக்கும். இரண்டாவது வீக்கத்தை ஆற்றும். மூன்றாவது புதிது. இருமலைத் தூண்டும் நரம்பைச் சாந்தப்படுத்துவது. ராத்திரியில் தூங்க முடியாதவர்களுக்கு என்று சேர்த்தது.

"எதுக்கு அதை ஏத்துது?"

"நாம என்ன சொல்லிக் குடுத்தோம் மேடம்? இழுப்பு வரக்கூடாது, இருமல் வரக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. வழிகாட்டியில கட்டுப்பாடுன்னா அதுதானே? மத்த ரெண்டுக்கும் பக்கவிளைவு நிறைய பதிவாகுது. வாய்ப்புண்ணு, படபடப்பு, குழந்தைங்க வளர்த்தி. மூணாவதுக்கு யாரும் ஒரு புகாரும் சொல்லல. அதனால பம்பு அது பக்கமா போயிட்டே இருக்கு."

"புகார் சொல்ல யாருக்கு என்ன தெரியும், இம்தியாஸ்? அது மூக்கு, நெஞ்சு எல்லாத்துலயும் உணர்ச்சியையே மழுக்கற மருந்து."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, காத்து? காத்து எப்படி இருக்குன்னு எதுல பார்க்கறது?"

"காத்தை அளக்கற மெஷினை எல்லாம் எடுத்துட்டாங்களே மேடம். இப்ப மூச்சுக் குறியீடுதான். ஊர் ஜனங்க எவ்வளவு நல்லா மூச்சு விடறாங்கன்னு பம்புல இருந்தும் ஆஸ்பத்திரிப் பதிவுல இருந்தும் வர்ற கணக்கு. குறியீடு நல்லா இருந்தா தொழிற்பேட்டைக்கு அனுமதி தானா கிடைக்கும். மோசமானா தானா ரத்தாகும். நம்ம குறியீடு ரொம்ப நல்லா இருந்ததால இங்க புதுசா மூணு ஆலை வந்திருக்கு."

இயந்திரத்தை ஏமாற்றலாம், நெஞ்சை ஏமாற்ற முடியாது என்று சொல்லித்தான் அந்தத் திட்டத்தை மாநாட்டில் கொண்டுவந்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியது பெனினாவுக்கு நினைவிருந்தது.

அவள் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்கு நடந்தாள். அங்கே அஞ்சலாட்சி நண்டுக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வயதிலிருந்து வீசிங்கோடு வளர்ந்தவள். பம்பு வந்த பிறகுதான் தன்னால் இரண்டு கூடை தூக்க முடிகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்பவள். பெனினா அவள் விரலைப் பிடித்து மீட்டரை மாட்டினாள்.

எண்பத்தொன்று.

மீட்டரைத் துடைத்து மறுபடி மாட்டினாள். அதே எண்.

"இன்னா டாக்டரம்மா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு?"

"கூடையைக் கீழ வைம்மா. உக்காரு. தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும். உனக்கு உடம்புல மூச்சு பத்தல."

"எனக்கு நல்லாத்தான கீது!" அவள் சிரித்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம். பக்கத்தில் நின்ற அவள் கணவன் கோதண்டம், படகு மோட்டார் பழுது பார்ப்பவன், தன் விரலையும் நீட்டினான். அவனுக்கு ஆஸ்துமாவே கிடையாது. எண்பத்தாறு. பெனினா தன் விரலிலும் மாட்டிப் பார்த்தாள். எண் வந்ததும் சட்டென்று கழற்றிவிட்டாள்.

எல்லாவற்றையும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்தாள். பிறகு கழுத்திலிருந்த பம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்பல்லாம் இழுக்கும்போது இழுக்குதுன்னாவது தெரியும். ஓடி வருவோம். இது எனக்கே தெரியாம என் நெஞ்சுல பூட்டு போட்ருச்சே டாக்டரம்மா."

பெனினா தலைமையகத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். முப்பத்தாறு முகங்கள் திரையில் வந்தன. அவள் விரல் மீட்டர் எண்களைச் சொன்னாள், எஃபுவா தன் இருமலைச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை. தம்பியை இழுப்பில் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில்தான் இந்த உடன்படிக்கைக்காக இருபது ஆண்டு ஓடினார்.

"டாக்டர் பெனினா, உங்கள் ஊரில் யாருக்காவது ஆஸ்துமா தாக்கம் வந்ததா?"

"இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது."

"தாக்கம், அவசரச் சிகிச்சை, மரணம். இந்த மூன்றையும்தான் எல்லா நாடும் ஒப்புக்கொண்டிருக்கிறது. விரல் மீட்டரைச் சேர்க்க வேண்டுமானால் முப்பத்தாறு நாடும் மறுபடி கையெழுத்திட வேண்டும். அடுத்த திருத்த மாநாட்டில் நிச்சயம் வைக்கலாம்."

"அடுத்த மாநாடு எப்போது?"

"மூன்று ஆண்டில்."

"அதுவரை?" என்று எஃபுவா குரலை உயர்த்தினார். "எங்கள் துறைமுக நகரத்தில் வரும் மாதம் இதைத் தொடங்குகிறோம். உப்பளமேட்டைப் பார்த்துச் செய்யுங்கள் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்."

தலைவர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

செய்தி ஊருக்குள் போனது. பெனினா யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. அஞ்சலாட்சிதான் ஏலக்கூடத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க தெரு மொத்தமும் பம்பைக் கழட்டப் போறோம்."

"வேணாம் அஞ்சலாட்சி. திடீர்னு நிறுத்தினா ஆளுக்கு ஆபத்து. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். பம்பு அதுக்கு விடாது. எனக்கு வழி தேட டைம் குடு."

"நீங்க சொல்லி நாங்க செய்யல. நாங்க செய்றோம். நீங்க ஆஸ்பத்திரியில ரெடியா இருங்க, அது போதும்."

பெனினா, மருந்தை ஆவியாகக் கொடுக்கும் பழைய நெபுலைசர்களைக் கிடங்கிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள். ஆக்சிஜன் சிலிண்டர்களை வரவழைத்தாள். தன் பம்பையும் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள்.

முதலில் வந்தது நாற்றம். மழுங்கிக் கிடந்த நரம்பு விழித்ததும் அஞ்சலாட்சியின் தெருவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. தாங்கள் இத்தனை நாள் எதற்குள் சமைத்தோம், எதற்குள் படுத்தோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். அதற்குப் பிறகு இழுப்பு. வார்டு நிரம்பி, தாழ்வாரம் நிரம்பி, மரத்தடியில் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. எங்கு திரும்பினாலும் நெஞ்சு கீச்சிடும் சத்தம். பெனினா சாப்பிட மறந்து ஓடினாள். அவளுக்கும் இழுத்தது. ஒரு கையில் நெபுலைசர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊசி போட்டாள்.

கோதண்டம் வரவில்லை. தனக்கு எப்போது ஆஸ்துமா இருந்தது என்று சொல்லிக்கொண்டு ஒரு மோட்டாரை முடித்துக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறான். படகுத்துறையிலிருந்து அவனைத் தூக்கி வந்தபோது உதடு கறுத்திருந்தது. பெனினா அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். அஞ்சலாட்சிதான் கடைசியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

உப்பளமேட்டின் மூச்சுக் குறியீடு அன்று பிற்பகல் விழுந்தது. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் மனு எழுதவில்லை. ஆலைகளின் அனுமதி தானாக ரத்தாகி, புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. கோதண்டத்தைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நடுவழியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வானம் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாளில் காற்று தெளிந்தது. வார்டு காலியாயிற்று. பம்பில்லாமலே அஞ்சலாட்சியின் விரலில் தொண்ணூற்றிரண்டு வந்தது. பெனினா அதைப் பார்த்து அழுதுவிட்டாள். எஃபுவாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அந்த வாரமே இம்தியாஸ் ஓடி வந்தான்.

"மேடம், குறியீடு ஏறிடுச்சு."

"நல்லதுதானே?"

"ஏறிடுச்சு மேடம். அனுமதி திரும்ப வந்திடுச்சு."

வெளியே போய்ப் பார்த்தார்கள். நடுப் புகைபோக்கியின் வாயில் மெல்லிசாக மஞ்சள் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

ஏலக்கூடத்தில் அன்று எல்லாரும் கூடியிருந்தார்கள். இம்தியாஸ் விதியை விளக்கினான். இழுப்பு இருந்தால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் இழுப்பு போகும். இழுப்பு போனால் ஆலை ஓடும்.

"அப்போ யாராவது ஒருத்தர் இழுத்துக்கினே இருக்கணுமா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

பதில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்படித்தான் முறை வைத்தார்கள். ஒரு வாரம் ஒரு தெரு. மற்றவர்கள் பம்பை மாட்டிக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட, முறை வந்த தெரு கழற்றிவிட்டு மருத்துவமனைக்கு வரும். கலியாணம் வைத்திருப்பவர்களோடு முறை மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கிடையாது என்று பெனினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இழுப்பை நிறுத்தவென்று மருத்துவம் படித்தவள், ஆளைச் சாகவிடாமல் இழுக்கவிடும் வேலையைப் பழகிக்கொண்டாள். எந்த அளவில் ஊசி போட வேண்டும், எந்த அளவுவரை பொறுக்க வேண்டும் என்பது அவள் கைக்கு அத்துப்படியாயிற்று. தன் கைகளைப் பார்க்கவே சில சமயம் அவளுக்கு அச்சமாக இருந்தது.

ஆனால் ஒரு வாரம் வலைக்காரத் தெரு முழுவதும் இழுத்துக்கொண்டு கிடந்தும் புகைபோக்கிகள் நிற்கவில்லை.

இம்தியாஸ் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான். "நம்ம ஊர்ல பெரியவங்க எல்லாரையும் ஒத்துழையாத நோயாளிகள்னு குறிச்சிட்டாங்க மேடம். மருந்து இருந்தும் வேணும்னே எடுக்காதவங்க. அவங்க இழுப்பு குறியீட்டுல சேராது. வழிகாட்டியிலேயே அந்த விதி இருக்கு."

"இருக்கு. அது நியாயமான விதிதான். மருந்தே எடுக்காதவனை வச்சு மருந்து வேலை செய்யலன்னு சொல்லக்கூடாதில்ல?" என்றாள் பெனினா. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் ஏதோ சொல்லணும்னு நினைக்கிற."

"பன்னெண்டு வயசுக்குக் கீழ அந்தப் பேரைப் போட முடியாது. குழந்தை தானா மருந்தை மறுக்காதுன்னு விதி. அவங்க இழுப்பு மட்டும்தான் இனிமே கணக்கு." அவன் எழுந்துகொண்டான். "நான் இதை வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம்."

அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை. வலைக்காரத் தெருவில் ஒரு சின்னப் பையன் பம்பைத் தண்ணீரில் போட்டுவிட்டான். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவனுக்கு வீசிங் வந்து மருத்துவமனைக்குத் தூக்கி வந்த அன்று ஒரு புகைபோக்கி நின்றது. அவன் தேறியதும் மறுபடி புகைந்தது. ஊரே அதைக் கண்ணால் பார்த்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் பெனினா வார்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் தமயந்தி, பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடை போட்டு, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது.

"இந்த வாரம் எங்க தெரு, டாக்டரம்மா."

"போ. எழுந்து போ. பாப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."

"மீட்டரை மாட்டிப் பாருங்க."

"அஞ்சலாட்சி, என்னால முடியாது. இவளை வேற ஊருக்கு அனுப்பிடு. உன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பு."

"அங்கயும் பம்பு வந்துடுச்சு. எல்லா ஊருக்கும் வருதாம். நீங்க மீட்டரை மாட்டுங்க."

பெனினா மாட்டினாள். எண்பத்து நான்கு. தமயந்தி மீட்டரின் சிவப்பு வெளிச்சத்தை வேடிக்கை பார்த்தாள்.

"பார்த்தீங்களா? இவ நல்லா ஓடுறா, நல்லா துன்றா. இவ அப்பனும் நல்லாத்தான் இருந்தான்." அஞ்சலாட்சியின் குரல் உடையவில்லை. "பம்பு போட்டுக்கினா சத்தமில்லாம போயிடுவா. கழட்னா சத்தம் போடுவா. சத்தம் போட்டா நீங்க பார்த்துக்குவீங்க. எனக்கு வேற வழி தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நான் எழுந்து போறேன்."

பெனினா நின்றுகொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிகள் மூன்றும் வேலை செய்துகொண்டிருந்தன. வாசலில் இன்னும் இரண்டு தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றார்கள்.

அவள் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிலுக்கு அருகே இழுத்து வைத்தாள். குழந்தைக்கான சின்ன முகமூடியைப் பிரித்தாள். ஊசி மருந்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துத் தட்டில் வைத்தாள். பிறகு குனிந்து தமயந்தியின் கழுத்திலிருந்து பம்பைக் கழற்றினாள்.

"ஸ்கூலுக்குப் போக வேணாமா டாக்டர்?"

"இன்னிக்கு வேணாம் கண்ணு."

"எனக்கு ஒண்ணுமே இல்லையே."

"தெரியும். படுத்துக்கோ."

நெஞ்சு விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நாளாவது ஆகும். பெனினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் முதுகில் வைத்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அஞ்சலாட்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெனினா கண்ணை மூடிக்கொண்டு, இழுப்பு எப்போது வரும் என்று காதுகொடுத்துக் காத்திருந்தாள்.